மூச்சுக்கும் கணக்கு வேண்டும்

(ஸ்பிரிங்வெளித் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நட்டஈட்டுச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சட்டம் படித்தவன் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை. ஆயினும், சட்டப் புத்தகத்தில் எளிதில் அகப்படாத ஒரு நஷ்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது மூச்சு நஷ்டம்.

இந்நாட்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டில், 19 ஆம் இலக்கச் சட்டமாகப் பிறந்தது. அதன் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. கை போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு போயிற்று, கால் போனால் எத்தனை பங்கு, விரல் போனால் எத்தனை பங்கு என்று மனித உடம்பைப் பங்கு பிரித்து அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கும்போது உள்ளம் கூசும். ஆனாலும் அந்த அட்டவணையை நான் பழிக்கமாட்டேன். எழுதி வைத்ததனால்தான் விரலிழந்த தொழிலாளிக்கு ஏதோ கிடைக்கிறது. கணக்கில் ஏறியதைக் கேட்டு வாங்கலாம்; கணக்கில் ஏறாததை யாரிடம் போய்க் கேட்பது?

விரல் துண்டானால் துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும், அன்றைய தேதியும் நேரமும் புத்தகத்தில் ஏறும். மூச்சோ ஒரே நாளில் துண்டாவதில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம், நாளுக்கு ஒரு துளியாகக் குறைகிறது. இரத்தம் சிந்துவதில்லை. கட்டுப் போட்டு வைத்தியரிடம் தூக்கிச் செல்ல வேண்டியதுமில்லை. இழந்தவனுக்கே இழந்தது தெரிவதற்குள் பாதி போய்விடுகிறது. "வயசாயிட்டுது, முன்னைப்போல ஏற முடியல்லே" என்று நாற்பத்தைந்து வயதுக்காரர் சொல்லுகிறார். நாற்பத்தைந்து என்ன முதுமையா, தோழர்களே? அது வயதின் குறையா, வியாதியின் குறையா என்று பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்களா?

நாற்காலியில் தெரியாத நோய்

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 லீற்றர் காற்றுப் போதும். அவனே சுமையோடு மலையேறும்போது அதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். இயற்கை நமக்கு அவ்வளவு தாராளமாக நுரையீரலைக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாராளம்தான் நோயை மறைத்தும் விடுகிறது. பாதி நுரையீரல் கெட்டவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் 6 லீற்றர் தட்டில்லாமல் கிடைக்கும். முகத்தில் வாட்டமில்லை, பேச்சில் தடையில்லை, காய்ச்சலும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார வைத்துப் பார்த்து, இரண்டு வில்லை மாத்திரை கொடுத்து, "ஒன்றுமில்லை, வேலைக்குப் போகலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த உதவியாளர் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்காலியில் இந்த நோய் தெரியாது, மலையில்தான் தெரியும். மலைக்கு வந்து பார்ப்பவர் யார்?

நுரையீரலில் நாட்பட்ட அடைப்பு நோய் என்று வைத்தியர்கள் கூறும் வியாதியில், காற்றுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. நுரையீரலின் நுண்ணறைகள் பிய்ந்து போகின்றன. இதில் ஒரு விபரீதம் உண்டு. நோயாளிக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே பெரும்பாடு. மெதுவாக விட்டால் ஒருவாறு வெளியேறும். மேட்டில் ஏறினால் மூச்சு வேகமாகிறது. பழைய காற்று வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்து மோதுகிறது. உள்ளே காற்று தேங்கித் தேங்கி நெஞ்சு பானைபோல் உப்புகிறது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் ஒரு வாய்க் காற்றுக்குத் தவிக்கிறான். இந்த வேதனைக்குத்தான் நம் மக்கள் "மூச்சு முட்டுது" என்று பெயர் வைத்தார்கள். வைத்திய நூலிலும் இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தென்படவில்லை.

வேல்ஸ் நாட்டிலிருந்து ஓர் அளவுகோல்

அப்படியானால் மூச்சின் குறைவை அளக்க வழியே இல்லையா? உண்டு. அந்த வழி பிறந்ததும் நம்மைப்போன்ற தொழிலாளர் மத்தியில்தான்.

பிரித்தானியாவின் தென் வேல்ஸ் பகுதி நிலக்கரி நாடு. வேல்ஸ் நிலக்கரி கப்பல்களை ஓட்டிய காலத்தில்தான் நம் முன்னோர் போட்ட தேயிலையும் கப்பலேறியது. கரி வெட்டியவர் நெஞ்சில் கரித்தூசி படிந்தது. 1945 இல் கார்டிப் நகரத்துக்கு அருகே லாண்டோ ஆஸ்பத்திரியில், இந்தத் தூசி நோயை ஆராய ஒரு நிலையத்தைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை அமைத்தது. அதன் முதல் தலைவர் வைத்தியர் சார்ள்ஸ் பிளெச்சர். எக்ஸ்ரே படத்தில் தெரிந்த தூசிக்கும் தொழிலாளி பட்ட இளைப்புக்கும் எப்போதும் பொருத்தம் இருக்கவில்லை. ஆகவே அவர் ஒரு எளிய காரியம் செய்தார். படத்தைக் கேட்பதோடு நில்லாமல், மனிதனையே கேட்டார்: "எவ்வளவு தூரம் நடக்கிறாய்? எங்கே நிற்கிறாய்?" அந்தக் கேள்விகளிலிருந்து எழுந்த அளவுகோல் 1952 இல் அவர் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது, பின்னர் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பெயரால் உலகெங்கும் பரவியது. இன்றும் வழக்கில் இருக்கிறது.

அதில் ஐந்து படிகள். கடும் உழைப்பில் மட்டும் இளைப்பவர் முதற் படி. சமதரையில் விரைந்து நடந்தாலோ, சிறு மேட்டில் ஏறினாலோ இளைப்பவர் இரண்டாம் படி. சமதரையிலேயே தம் வயதினரோடு கூட நடக்க முடியாமல் பின்தங்குபவர், அல்லது தம் சொந்த நடையிலேயே இடையில் நின்று மூச்சு வாங்குபவர் மூன்றாம் படி. சமதரையில் ஏறக்குறைய 100 யார் நடந்ததும் நிற்பவர் நான்காம் படி. வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர், உடுத்தவும் களையவும் இளைப்பவர் ஐந்தாம் படி. இப்போது பல வைத்தியர்கள் இதையே 0 முதல் 4 வரை எண்ணுகிறார்கள், பொருள் மாறவில்லை.

இது வெறும் வாய்க்கேள்விதானே என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். குழாயில் ஊதவைத்து நுரையீரலின் சக்தியை அளக்கும் கருவி உண்டு, அதுவும் அவசியமே. ஆனால் அந்தக் கருவி காட்டும் எண் ஒன்றாகவே இருக்கும் இருவரில், ஒருவர் சந்தைக்குப் போய்வருவார், மற்றவர் வாசற்படி தாண்டமாட்டார். ஐந்து வருஷம் உயிரோடிருப்பார் யார் என்பதை, கருவியின் எண்ணைவிட இளைப்பின் படியே நன்றாக முன்னறிவித்தது என்று 2002 இல் ஜப்பானிய வைத்தியர்கள் ஓர் ஆய்வில் எடுத்துக்காட்டினார்கள். இலண்டன் சென் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியில் 1990களின் தொடக்கத்தில் உருவான கேள்விப் பத்திரம் ஒன்று, இருமலையும் சளியையும் மட்டும் கேட்பதோடு அமையாமல், நோயினால் எந்த வேலைகள் நின்றன, மனம் எப்படி ஒடிந்தது, அண்டை அயலார் முன்னே வெட்கமாக இருக்கிறதா என்பதையும் கேட்கிறது. நோயாளி என்ன இழந்தான் என்பதே நோயின் அளவு என்பதை வைத்திய சாத்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் இனித் தோட்டத்தை நடத்துகிறவர்களும் சட்டத்தை நடத்துகிறவர்களும்தான்.

பெயரில் வெளி, தரையில் ஏது?

அந்த அளவுகோலைக் கொண்டுவந்து இங்கே வைத்துப் பாருங்கள். "சமதரையில் 100 யார்" என்கிறது. நம் ஊருக்கு ஸ்பிரிங்வெளி என்று பெயர். பெயரில் வெளி இருக்கிறது. தரையில் எங்கே வெளி? 2,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கும் நமுனுகுல மலைத்தொடரின் மடியில், லயத்துக்குப் போக ஒரு மேடு, பீலிக்குப் போக ஒரு பள்ளம், பெரட்டுக்களத்துக்குப் போக ஒரு மேடு, மடுவத்துக்கு வர மீண்டும் ஒரு மேடு. இங்கே சமதரையில் நடப்பது என்பதே கிடையாது.

ஆகவே நான் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். இந்தப் பேச்சின் உயிர் இதுதான். ஒரே அளவு மூச்சுக் குறைவு எல்லா மனிதருக்கும் ஒரே அளவு நஷ்டமல்ல. கொழும்பில் மேசை முன் இருக்கும் எழுத்தாளருக்கு இரண்டாம் படி இளைப்பு வந்தால், அவர் படிக்கட்டில் மெதுவாக ஏறுவார். சம்பளத்தில் ஒரு சதமும் குறையாது. அதே இரண்டாம் படி இளைப்பு இந்த மலையில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய்க்கு வந்தால் நடப்பது வேறு. பத்துக் கிலோ ஈரக் கொழுந்தை முதுகில் சுமந்து, நிரைக்கு நிரை செங்குத்தாக ஏறவேண்டும். மற்றவர்கள் இரண்டு முறை கை நீட்டும் நேரத்தில் அவள் ஒரு முறை நீட்டி, ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறாள். மாலையில் மடுவத்தில் தராசு ஏறும்போது தோட்டம் விதித்த நோம் வரவில்லை. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுகிறார்.

அரைப்பேர்! தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் "பேர்" என்று பெயர். அரை மூச்சுக்காரிக்கு அரைப்பேர். அவள் சட்டத்தின் கண்ணில் ஊனமடைந்தவள் அல்ல. வைத்தியத்தின் கண்ணில் படுக்கையில் விழுந்த நோயாளி அல்ல. ஆனால் சம்பளப் புத்தகத்தில் அவளுடைய நோய் தினந்தோறும் பதிவாகிறது. டிஸ்பென்சரிக்குத் தெரியாத நோய் மடுவத்துத் தராசுக்குத் தெரிகிறது. அந்தத் தராசு அவளுக்குச் சிகிச்சை கொடுப்பதில்லை, தண்டனை கொடுக்கிறது.

ஆண்களின் கதையும் இதுவே. கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், முள்ளுக் குத்தியவர், கான் வெட்டியவர், ஒரு நாள் அந்த வேலைக்கு ஆகாதவர் ஆகிறார். "பாரமில்லாத வேலை கொடுங்கள்" என்று கேட்டால், "இருக்கும்போது சொல்லுகிறோம்" என்று பதில். வேலை நாட்கள் குறைகின்றன. வேலை நாள் குறைந்தால் சேமலாப நிதிக்குப் போகும் பணம் குறைகிறது. முன்கூட்டியே பேர் வெட்டுப்பட்டால் சேவைக்காலப் பணமும் குறைகிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாட் சம்பளம் என்பது கணக்கு. மூச்சு பத்து வருஷம் முந்தி நின்றால் 140 நாட் சம்பளம் காற்றோடு போயிற்று.

வேலைக்கு வெளியே போகும் வாழ்வு

கூலியோடு நின்றதா நஷ்டம்? பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை குடத்தை எடுக்கிறது. மழை நாளில் பள்ளியும் தவறுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் நெஞ்சை முட்டுகிறது. ஆகவே அரை வயிறு. சரிந்து படுத்தால் இளைக்கிறது. ஆகவே சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருத்தல். ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாமல், இரண்டு சொல், ஒரு மூச்சு, இரண்டு சொல், ஒரு மூச்சு. பேச்சு குறைகிறது. பேச்சுக் குறைந்தவனிடம் யோசனை கேட்பாரும் குறைகிறார்கள். மாசி மாதம் காமன் கூத்துக்கு முன்னே நின்று பாடியவர், இன்று இஸ்தோப்பில் உட்கார்ந்து தூரத்துத் தப்பொலியைக் கேட்கிறார். கல்யாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் மேட்டில் ஏற வேண்டுமே என்று போகாமல் விடுகிறார். போகாததற்குக் காரணம் சொல்லவும் கூசுகிறார்.

அதற்கு மேல் பயம். தண்ணீரில் மூழ்குகிறவனுக்கு உண்டாகும் பயம் தரையில் நிற்பவனுக்கு உண்டாகிறது. பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகிறது. வேகமானால் இன்னும் முட்டுகிறது. நள்ளிரவில் அது வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் வருகிறது. நல்ல சேவை, மறுக்கமாட்டேன். ஆனால் வண்டி பாதையுள்ள மட்டும்தான் வரும். பாதை முடிந்த இடத்துக்கும் லயத்துக்கும் இடையில் இருப்பது என்ன? அந்த மேடுதான். மூச்சில்லாதவனை அங்கே நாலு பேர் கம்பளியில் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குப் பின்னும் ஒரு பழி வந்து சேருகிறது: "சோம்பேறி." இளைப்பு வருமே என்று நடையைக் குறைக்கிறான். நடை குறைந்தால் கால் தசை மெலிகிறது. மெலிந்த தசைக்குச் சிறு வேலைக்கும் அதிகக் காற்று வேண்டும். ஆகவே முன்னிலும் சீக்கிரம் இளைக்கிறான். இன்னும் குறைவாக நடக்கிறான். இந்தச் செக்கு சுற்றச் சுற்ற, நோய் ஒரு பங்கு தின்றால் முடக்கம் இன்னொரு பங்கு தின்கிறது. அவனைப் பார்த்துச் சோம்பேறி என்பவன், காலில் விலங்கு பூட்டப்பட்டவனைப் பார்த்து "ஏன் ஓடவில்லை" என்று கேட்பவன்.

மூச்சைத் தின்பவை எவை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021 இல் இந்த அடைப்பு நோயினால் 35 லட்சம் மக்கள் மாண்டனர். மரண காரணங்களுள் அது நான்காவது. செல்வ நாடுகளில் இந்நோய்க்காரரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் புகைபிடித்தலே காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் அந்தப் பங்கு 30 முதல் 40 தான். மீதிப் பேர் பீடியால் கெடவில்லை என்றால் எதனால் கெட்டார்கள்?

முதலாவது, அடுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஈர விறகு எரிகிறது. கூரைக்குப் புகைபோக்கி இல்லை. குளிருக்குப் பயந்து கதவும் அடைப்பு. அந்தப் புகையில் சமைப்பவள் தாய். அவள் முதுகில் குழந்தை. வீட்டுப் புகையினால் 2020 இல் மாத்திரம் உலகில் 32 லட்சம் பேர் மாண்டதாக அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இரண்டாவது, ஸ்டோர். கொழுந்து காய்ந்து, அரைபட்டு, சல்லடையில் விழும்போது, இலையின் மெல்லிய முடியும் நாரும் உடைந்து பஞ்சுபோலப் பறக்கின்றன. இந்நாட்டின் மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட அவர்கள் 1970 இலேயே "டீ மேக்கர்" ஒருவருக்கு உண்டான தொய்வு நோயைப் பற்றிப் பிரித்தானியத் தொழில் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். 1980 இல், இந்தப் பஞ்சுத் தூசியில் வேலை செய்த தேயிலைத் தொழிலாளரைச் சோதித்து, நாட்பட்ட சளியும் தொய்வும் அவர்களைத் தொடர்வதை மீண்டும் எழுதினார். ஆடி ஆவணியில் அடிக்கும் வரண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. ஏல விற்பனையில் அந்த மணத்துக்குத் தனி விலை. அந்த மணத்தைச் சலித்தெடுத்தவன் நெஞ்சில் தங்கிய தூசிக்கு விலை சொல்வார் யாருமில்லை.

மூன்றாவது, பழைய கசம். மருந்து தின்று கசம் ஆறிவிட்டாலும், அது தின்ற நுரையீரல் திரும்பி வளர்வதில்லை. "கிருமி இல்லை" என்ற சீட்டோடு வீடு வந்தவருக்கு மூச்சு மட்டும் வீடு வரவில்லை.

நான்காவது, பீடி. இதை முதலாளி தலையில் வைக்க நான் வரவில்லை. தூசியும் புகையும் கெடுத்த நெஞ்சில் நம் கையாலேயே கொள்ளி வைக்கிறோம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வியும் "பீடி குடிப்பாயா?" என்பதே. உயிருக்காக விடுங்கள், வழக்குக்காகவும் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லா இளைப்பும் நுரையீரல் நோயல்ல. இரத்தம் குறைந்த சோகையினாலும், இருதய நோயினாலும் மூச்சு வாங்கும். பெண்கள் பலருக்கு முதல் காரணம் இரத்தக் குறைவாகவே இருக்கலாம். அதனால்தான் சோதனை அவசியம் என்கிறேன்.

சட்டம் என்ன செய்யும்?

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூசி எழும் தொழிற்சாலையில் தொழிலாளி அதைச் சுவாசிக்காதபடி இயன்ற நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கவேண்டும் என்கிறது. தேயிலை ஸ்டோர் ஒரு தொழிற்சாலை அல்லவா? தூசியை இழுக்கும் விசிறி ஓடுகிறதா, பழுதாகிக் கிடக்கிறதா என்று கேட்பது கலகம் அல்ல. சட்டத்தைப் படித்துக் காட்டுவது. 1912 இல் இயற்றப்பட்ட தோட்ட வைத்தியச் சட்டங்கள், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வதும் தோட்டத்துரையின் கடமை என்று கூறின. நோயை அறிவது கடமை என்று நூறு வருஷத்துக்கு முன்னரே எழுதினார்கள்; அறியாமல் இருப்பதற்கு இன்று யார் விலக்குக் கொடுத்தது?

நட்டஈட்டுச் சட்டத்துக்கு வருவோம். அட்டவணையில் அகப்படாத காயமாயின், உழைத்துச் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு நிரந்தரமாகக் குறைந்தது என்பதைக் கொண்டு ஈடு மதிப்பிட வழி உண்டு. தொழிலால் வரும் நோய்களுக்குத் தனி அட்டவணையும் உண்டு. வழி உண்டு, வழியில் முள்ளும் உண்டு. நோய் வேலையினால்தான் வந்தது என்று காட்டவேண்டும். சக்தி எவ்வளவு குறைந்தது என்றும் காட்டவேண்டும். அங்கேதான் நம்மவர் தோற்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு மூச்சு இருந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லை. வாயால் சொன்னால் வழக்கு நிற்குமா?

காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வேல்ஸ் தொழிலாளரே சாட்சி. எக்ஸ்ரேயில் தூசி தெரிந்தவருக்கு மட்டும் ஈடு, இளைத்துச் சாகும் மற்றவருக்கு இல்லை என்று பல காலம் தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய சங்கங்கள் விடவில்லை. 1993 இல், நாட்பட்ட சளியும் நுரையீரல் வீக்கமும் சுரங்கத் தொழிலின் நோய் என்று பிரித்தானிய அரசு முதன்முதலாக ஏற்றது. 20 வருஷம் சுரங்கத்தின் கீழ் உழைத்திருக்க வேண்டும், ஊதும் சக்தி 1 லீற்றராவது குறைந்திருக்க வேண்டும் என்று கடும் நிபந்தனை. 1998 ஜனவரியில் நீதியரசர் டர்னர், பிரித்தானிய நிலக்கரிக் கூட்டுத்தாபனம் தன் கடமையில் தவறியது என்று தீர்ப்பளித்தார். 2004 இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது 590,000க்கும் அதிகமானோர் மனுச் செய்திருந்தனர். பணம் கைக்கு வருமுன் கண்மூடியவர் பலர். அவர்கள் பங்கை விதவைகள் பெற்றனர். தாமதமான நீதிதான். ஆனால் உழைத்த வருஷங்களின் பதிவும், ஊதிய அளவின் பதிவும் இருந்தபடியால் அந்த நீதியாவது வந்தது.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலில் நமக்கு நாமே. மாதம் ஒருமுறை ஒரே பாதையில், ஒரே மேட்டில், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் எழுதித் தரட்டும். தேதி வேண்டும்; அன்று கிடைத்தது முழுப்பேரா அரைப்பேரா என்பதும் வேண்டும். சம்பளத் துண்டுகளை அடுப்பு மூட்டப் பயன்படுத்தாதீர்கள். அவை உங்கள் மூச்சின் சரித்திரம். பதுளையில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றாலோ, கூடப் போகிறவர்களுக்குப் பின்தங்கினாலோ அங்கே போங்கள். போனால், "மேட்டில் இளைக்கிறது, இத்தனை அடியில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்தப் படியின் எண்ணை உங்கள் சீட்டில் எழுதும்படி வைத்தியரை மரியாதையோடு கேளுங்கள். வாயில் இழுக்கும் பம்ப் கொடுத்தால், அது கடைசிக் கட்டத்துக்கான மருந்து என்று பயந்து பெட்டியில் பூட்டாதீர்கள். இழுக்கும் முறையைக் கேட்டுப் பழகிச் சொன்னபடி பாவியுங்கள். இளைப்பு வந்தால் முன்னே குனிந்து கையை ஊன்றி, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சை விடுங்கள். தேங்கிய காற்று வெளியேறும், பயமும் தணியும்.

நோயாளியை மூலையில் உட்கார வைப்பது அன்பு என்று எண்ணாதீர்கள். வைத்தியர் மேற்பார்வையில் 6 முதல் 12 வாரம் ஒழுங்காக நடையும் தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு, நுரையீரல் மாறாவிட்டாலும் இளைப்புக் குறைந்து வாழ்வு சீர்படுகிறது என்பது உலகெங்கும் நிரூபிக்கப்பட்ட உண்மை. அந்தப் பயிற்சி பட்டணத்து ஆஸ்பத்திரியோடு நிற்கவேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா மாலையில் சும்மாதான் கிடக்கிறது.

அடுத்துத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டியவை. மூன்றாம் படிக்கு வந்தவருக்கு மேட்டு மலையில் வேலை வேண்டாம். கீழ்மலையிலோ, நாற்று மேடையிலோ முழுப்பேருக்குப் பாரமற்ற வேலை வேண்டும். வைத்தியச் சீட்டு உள்ளவருக்கு நோம் குறையவேண்டும். ஸ்டோரில் தூசி இழுக்கும் பொறி ஓடவேண்டும். லயத்து அடுப்புகளுக்குப் புகைபோக்கி வேண்டும். ஸ்டோரில் வேலைக்குச் சேரும் நாளிலும், பின்னர் வருஷந்தோறும், ஊதும் சோதனை நடந்து அதன் பிரதி தொழிலாளி கையில் தரப்படவேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது ஒன்று. தொழிலாளியின் சக்தி இழப்பை மதிப்பிடும்போது, அவன் செய்யும் தொழிலையும் அவன் நடக்கும் தரையையும் கணக்கில் எடுக்கவேண்டும். சமதரையில் இருப்பவனுக்கு அமைத்த அளவால் மலையில் வாழ்பவனை அளந்து, "உனக்கு நஷ்டம் சொற்பம்" என்று தீர்ப்பது அளவும் ஆகாது; நீதியும் ஆகாது. நிரந்தரமாக, முழுவதும் உழைக்க இயலாதவர் என்று வைத்தியர் சான்றளித்தால், ஓய்வு வயது வருமுன்னரே ஊழியர் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்தாம் படியில் காம்பராவுக்குள் கிடப்பவர்களில் எத்தனை பேருக்கு அதை யாராவது எடுத்துச் சொன்னார்கள்? அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லவேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போங்கள். யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு வாருங்கள்; மனுக்களை நான் எழுதித் தருகிறேன்.

கொழுந்தின் எடை பார்க்க மடுவம்தோறும் தராசு இருக்கிறது. அதில் கால் கிலோக் குறைந்தாலும் கணக்கு எழுதப்படுகிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவருடைய மூச்சில் எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதுங்கள் என்றே கேட்கிறோம். பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். கேட்பதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுப்போம். மூச்சுள்ளவர்கள் மூச்சில்லாதவர்களுக்காகவும் பேசவேண்டும்.